ஒரே பி.எம்.ஐ., இரு வேறு விடைகள்: வயதுவந்தோருக்கு ஏற்ற எடையைக் கணிப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு வயது 38, உயரம் 165 செ.மீ., எடை 67 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ.; தந்தைக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஓர் இணையக் கணிப்பான் உங்களை இயல்பான எடை உடையவர் என்கிறது, இன்னொன்று அதிக எடை என்கிறது, உடற்பயிற்சிக் கூடத்தில் 61 கிலோவுக்கு வரச் சொல்கிறார்கள், அலுவலக நண்பரோ உயரத்தில் நூறைக் கழித்து 65 போதும் என்கிறார். இவற்றில் எதை நம்புவது என்பது முதல் கேள்வி. 150 செ.மீ. உயரமும் 56 கிலோ எடையும் கொண்ட உங்கள் 70 வயது அம்மா, எடை கூடிவிட்டது என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாரே, அது சரிதானா என்பது இரண்டாவது கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் எடை சற்றுக் குறைய வேண்டும். உங்கள் அம்மாவின் எடை குறைய வேண்டியதில்லை. எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்ணான பி.எம்.ஐ. உங்களுக்கு 24.6, அவருக்கு 24.9. ஏறத்தாழ ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு எதிரெதிரான விடை சொல்வது முரணாகத் தோன்றலாம். அந்த முரண் ஏன் வருகிறது என்பது புரிந்துவிட்டால், உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் ஏற்ற எடையை நீங்களே ஓரளவு கணித்துக்கொள்ள முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நூறைக் கழிக்கும் கணக்கு, மூளையின் பேச்சு மையத்துக்குத் தன் பெயரைத் தந்த 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்குகிறது. மனக்கணக்காகப் போட்டுவிடலாம் என்பதே அதன் ஒரே சிறப்பு. உயரம் கூடக் கூட அது தளர்ந்துகொண்டே போகும்: 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது தரும் 50 கிலோ பி.எம்.ஐ. கணக்கில் 22 ஆகிறது, 185 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தரும் 85 கிலோ ஏறத்தாழ 25 ஆகிவிடுகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்ன 61 கிலோவின் பிறப்பிடம் வேறு. ஐந்தடி உயரமுள்ள ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ என்று 1974இல் டிவைன் என்பவர் வகுத்த சூத்திரம் அது. உங்கள் உயரத்துக்கு அது 61.4 தருகிறது. ஜென்டாமைசின் போன்ற மருந்துகளை எந்த அளவில் கொடுப்பது என்று மருத்துவமனையில் கணக்கிடுவதற்காக எழுந்த சூத்திரம் அது. நீண்ட நாள் நலமாக வாழ்ந்தவர்களின் எடையை அளந்து கண்டறிந்ததன்று. ஆனால் ‘உகந்த எடை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால், இன்று இணையக் கணிப்பான்கள் பலவற்றில் அது இலட்சிய எடையாகவே உலவுகிறது. 1983இல் வந்த அதன் திருத்தங்களில் ஒன்று உங்களுக்கு 63 கிலோவுக்கு மேல் தரும். ஒரே மனிதனுக்கு 61, 63, 65 என்று மூன்று ‘சரியான’ எடைகள் கிடைக்கும்போது, அவற்றில் எதுவும் உடலைப் பார்த்துச் சொல்லப்பட்டதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

‘இந்த உயரத்துக்கு இந்த எடை’ என்ற அட்டவணைகளை உலகெங்கும் பரப்பியவை காப்பீட்டு நிறுவனங்கள். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1940களின் தொடக்கத்திலும், பிறகு 1959, 1983 ஆகிய ஆண்டுகளிலும் வெளியிட்ட அட்டவணைகள், பாலிசி எடுத்தவர்களில் எந்த எடையினர் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்ற பதிவுகளிலிருந்து உருவானவை. காப்பீடு வாங்க வசதியிருந்த அமெரிக்கர்களின் கணக்கு அது. உடையோடும் குதிகால் உயர்ந்த காலணியோடும் எடுத்த அளவுகளும் அதில் அடங்கும். சிறிய, நடுத்தர, பெரிய உடற்கட்டு என்று மூன்று பத்திகள் அதில் இருக்கும். பெரும்பாலானோர் தமக்கு வசதியான பத்தியைத் தேர்ந்துகொள்வார்கள்.

பி.எம்.ஐ. என்ற உடல் நிறைச் சுட்டெண் இவற்றைவிட மேலானது, ஆனால் அதன் வரலாற்றையும் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே, ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை 1835இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். உயரமானவர் குள்ளமானவரின் எல்லாத் திசையிலும் பெருக்கிய உருவமாக இருந்திருந்தால் எடை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடியிருக்க வேண்டும். உயரம் கூடும் அளவுக்கு மனிதர்கள் அகலத்திலும் பருமனிலும் கூடுவதில்லை என்பதால் வர்க்கமே பொருந்துகிறது. உடல் பருமனை அளப்பது கெட்லேயின் நோக்கமாக இருக்கவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ், ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, கிடைக்கும் எளிய விகிதங்களில் இது மற்றவற்றுக்குக் குறைந்ததில்லை என்று காட்டி, இன்றைய பெயரையும் சூட்டினார். அந்த ஒப்பீட்டில் பெண்கள் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது: கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். உங்களுக்கு 67ஐ 1.65ஆல் வகுத்து, வந்ததை மீண்டும் 1.65ஆல் வகுத்தால் 24.6. இங்கே பலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் சொல்வதே வழக்கம். ‘ஐந்தடி பத்தங்குலம்’ என்பதை 5.10 என்று கணிப்பானில் அடித்தால், அது 5.1 அடி என்று எடுத்துக்கொண்டு 178 செ.மீ. மனிதரை 155 செ.மீ. ஆக்கிவிடும், எடை சரியாக இருப்பவருக்கும் பருமன் என்ற முடிவு வந்து நிற்கும். அங்குலத்தை எல்லாம் கூட்டி 2.54ஆல் பெருக்கிச் செ.மீ. ஆக்கிக்கொள்வதே பாதுகாப்பு. அதைவிட நல்லது, வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தலைமேல் ஒரு அட்டையை மட்டமாக வைத்துக் குறித்து, புதிதாக அளந்துகொள்வது. அடையாள அட்டைக்காக இருபது வயதில் சொன்ன உயரத்தையே பலர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்த 24.6 நல்லதா கெட்டதா என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான எல்லைகளின்படி 18.5க்குக் கீழே எடைக்குறைவு, 25 வரை இயல்பு, 25 முதல் 30 வரை அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். இந்தக் கோடுகள் இயற்கை போட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1998 வரை அதிக எடையின் எல்லை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்தது. அதை 25 ஆக்கியபோது, ஒரு கிராம்கூட எடை கூடாமல் கோடிக்கணக்கானோர் அதிக எடையினர் ஆனார்கள். எடை கூடக் கூட நோய் ஆபத்து சரிவுப் பாதைபோல மெதுவாக ஏறுகிறது. அதில் எங்கே கோடு போடுவது என்பதை மனிதர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்கிறார்கள்.

அந்தக் கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களின் தரவுகளிலிருந்து வந்தவை என்பதே நமக்கு முக்கியமான செய்தி. ஆசியர்களுக்கு அவை பொருந்துமா என்று ஆராய்ந்த உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு, பொது எல்லைகளை மாற்றாமல், ஆசிய மக்களிடம் 23, 27.5 ஆகிய புள்ளிகளிலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. இந்திய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை இன்னும் தெளிவாக, 23க்குக் கீழே இயல்பு, 23 முதல் 25 வரை அதிக எடை, 25 முதல் பருமன் என்று வகுத்தது. உங்களுக்கு இரண்டு கணிப்பான்கள் இரண்டு விடை சொன்னதன் காரணம் இதுதான்: ஒன்று உலகப் பொது எல்லையையும் மற்றொன்று இந்திய எல்லையையும் பயன்படுத்துகிறது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவதையே. இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, வெள்ளையர்களுக்கு பி.எம்.ஐ. 30இல் இருக்கும் அதே சர்க்கரை நோய் ஆபத்து தெற்காசியர்களுக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது என்று கண்டது. ஒரே நாட்டில் ஒரே மருத்துவ வசதியோடு வாழ்பவர்களிடையே இவ்வளவு வேறுபாடு.

ஏன் இப்படி என்பதைக் காட்ட ஒரு படத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படத்தை 2004இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எடை இயந்திரத்துக்கு இருவரும் ஒன்று. உள்ளே இருப்பது வேறு. சராசரியாகப் பார்த்தால் நம் மக்களுக்குத் தசை குறைவு, அதே எடையில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் பரவலாகத் தங்காமல் வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து தங்குகிறது. தோலுக்கடியில் கொழுப்பைச் சேமித்துவைக்க ஒவ்வோர் உடலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்றும், அது நிரம்பிய பிறகு மிச்சம் உள்ளுறுப்புகளில் வழிந்து சேர்கிறது என்றும், தெற்காசியர்களுக்கு அந்தக் கொள்ளளவு சிறியது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கல்லீரலில் கொழுப்பு படிந்தால் இன்சுலினுக்கு அது சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இரத்தச் சர்க்கரை உயரத் தொடங்குகிறது. கையும் காலும் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடலமைப்பை நாம் தினமும் பேருந்தில் பார்க்கிறோம். அதை நடுவயதின் இயல்பு என்று கருதிக் கடந்துபோகிறோம். மருத்துவ நோக்கில் அதுதான் நம் ஊரின் முதன்மையான எடைச் சிக்கல்.

ஆகவே, எடை இயந்திரத்துக்கு இணையான இடத்தை ஓர் அளவு நாடாவுக்குத் தர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். தமிழில் இடுப்பு என்ற ஒரே சொல் வயிற்று மட்டத்தையும் அதற்குக் கீழே எலும்பு அகன்ற பகுதியையும் குறிப்பதால் இங்கே குழப்பம் வருகிறது. அதனால்தான் வயிற்றுச் சுற்றளவு என்றே எழுதுகிறேன். கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே, சட்டையில்லாமல், நாடா தரைக்கு இணையாக இருக்கும்படி சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் நொடியில் அளவைப் படிக்க வேண்டும். ‘என் பேன்ட் அளவு 34 தான்’ என்று பலர் சொல்வார்கள். அவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள் என்பதால் அந்த எண் ஆண்டுக்கணக்கில் மாறாமலே இருக்கும். சேலையும் நைட்டியும் உடுத்தும் பெண்களுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. பாவாடை நாடாவின் முடிச்சு சில அங்குலம் நகர்ந்ததை யாரும் கணக்கு வைப்பதில்லை.

தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. இதைவிட நினைவில் வைக்க எளிதானது, வயிறு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. விகிதம் 0.5 வரை நல்லது, 0.5 முதல் 0.6 வரை ஆபத்து கூடுகிறது, அதற்கு மேல் அதிகம். உங்கள் உயரத்தின் பாதி 82.5; வயிறு 94; விகிதம் 0.57. உங்களை இயல்பானவர் என்று சொன்ன கணிப்பான் கேட்கத் தவறிய கேள்வி இது. உங்கள் எடையைவிட உங்கள் வயிறும், தந்தையின் சர்க்கரை நோயும்தான் எனக்குக் கவலை தருகின்றன.

இது உங்கள் ஒருவருடைய நிலை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் முடிவுகள் வெளியான இன்டியாப் ஆய்வில், பி.எம்.ஐ. அடிப்படையில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடையை மட்டும் பார்த்தால் தவறவிடப்படுவோர் எத்தனை பேர் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. தமிழ்நாட்டிலோ 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பி.எம்.ஐ. 25ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9 சதவீதமாக இருந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு 23ஐ எல்லையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பி.எம்.ஐ. எதிர்ப்பக்கத்திலும் பிழை செய்யும். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் கபடி வீரருக்கும் தசை மிகுதி என்பதால் எண் 26 என்று வரலாம். வயிறு தட்டையாக இருந்தால் அவர்கள் எடையைக் குறைக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் நாள் முழுக்க நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர் இந்த விலக்கைத் தமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு பயனுள்ள அளவுகோல் உங்கள் இருபத்தைந்து வயது எடை. அதற்குப் பிறகு எலும்பு வளர்வதில்லை. திட்டமிட்டுப் பயிற்சி செய்யாதவர்களுக்குத் தசையும் கூடுவதில்லை. எனவே இடையில் கூடிய எடையில் பெரும்பகுதி கொழுப்பே. திருமணத்தின்போது 56 கிலோ, இப்போது 67 என்றால் அந்தப் பதினொரு கிலோவுக்குத் தனிப் பொருள் உண்டு. இளமையில் வறுமையாலோ நோயாலோ மெலிந்திருந்தவர்கள் மட்டும் பழைய எடையை இலக்காக வைக்கக் கூடாது; அது அவர்களுக்கு உரிய எடையாக ஒருபோதும் இருந்ததில்லை.

எடைக்குறைவைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. ஒல்லியாக இருப்பதை நலம் என்று கொண்டாடும் பேச்சு இப்போது மிகுந்துவிட்டது. 18.5க்குக் கீழே போகும்போது நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது, எலும்பு வலுவிழக்கிறது, மாதவிடாய் தடுமாறுகிறது, காசநோய் எளிதில் பற்றுகிறது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று பி.எம்.ஐ.; அது 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரைக்கிறார்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுத்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எளிய இந்த எண், நான் மேலே சொன்ன குறைகள் எல்லாம் இருந்தும், தன் கீழ்முனையில் உயிர் காக்கும் கருவியாக இருக்கிறது.

கொழுப்புச் சதவீதம் காட்டும் இயந்திரங்களைப் பற்றி ஒரு சொல். காலடியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி அளக்கும் வகை அது. உடலில் உள்ள நீரின் அளவைப் பொறுத்து அதன் விடை மாறும் என்பதால், ஒரு தடவை அளந்த எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சாதாரண எடை இயந்திரத்திலும் காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வேறுபடுவது இயல்பே. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும்; சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததாக மகிழ்பவர்கள் இழந்ததில் பெரும்பகுதி இந்த நீரே. வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன், ஒரே இயந்திரத்தில் பாருங்கள்; வயிற்றை மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

உங்கள் இலக்குக்கு வருவோம். 165 செ.மீ. உயரத்துக்கு பி.எம்.ஐ. 18.5 என்பது 50.4 கிலோ, 23 என்பது 62.6 கிலோ. உங்களுக்கு ஏற்ற எடை இந்த இரண்டுக்கும் இடையிலான பன்னிரண்டு கிலோ அகலமுள்ள ஒரு வீதி. அதில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. முதலில் இப்போதைய எடையில் ஐந்து சதவீதம், அதாவது சுமார் மூன்றரைக் கிலோ குறைத்து, 63.5 கிலோவுக்கு வாருங்கள். நான்கு மாதங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரிய அதுவே போதுமானதாக இருக்கும். தோராயமாக ஒரு கிலோவுக்கு ஒரு செ.மீ. வீதம் வயிறு குறையும் என்று வைத்துக்கொண்டால், அப்போது நீங்கள் 90க்கு அருகே வந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எடையைவிட வயிற்றையே பின்தொடருங்கள், 82.5க்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனாலும் ஆகட்டும். உண்ணாமல் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். நமக்கு ஏற்கெனவே குறைவாக இருப்பது அது. எனவே வாரத்துக்கு 150 நிமிட வேக நடையோடு, தசைக்கு வேலை தரும் பயிற்சி இரண்டு நாளாவது இருக்கட்டும். தட்டில் சோற்றின் இடத்தில் ஒரு பகுதியைக் காயும், இன்னொரு பகுதியைப் பருப்போ முட்டையோ மீனோ பிடிக்கட்டும்.

எடை இறங்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள் என்பதற்குச் சென்னையிலிருந்தே ஒரு சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். மூன்று ஆண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடமாட்டத்தையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கு வந்தது. குறிப்பிடத்தக்க எடைக் குறைவு இல்லாமலேயே இந்தப் பயன் கிடைத்தது என்பதுதான் எனக்கு அதில் மிகப் பெரிய செய்தி. உங்கள் குடும்ப வரலாற்றை முன்னிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை இந்த மாதமே பார்த்துவிடுங்கள். பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருடைய பருமனை முடிவு செய்யக் கூடாது, வயிற்று அளவாலோ கொழுப்பை நேரடியாக அளந்தோ உறுதிசெய்து, உறுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் லான்செட் குழும இதழ் ஒன்றின் வல்லுநர் ஆணையமும் வலியுறுத்தியிருக்கிறது.

கருவுற்ற பெண்கள், கால் வீக்கமோ வயிற்றில் நீர்த்தேக்கமோ உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கால் அகற்றப்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்குகள் நேரடியாகப் பொருந்தா. அவர்களுக்கு மருத்துவரே எடையை மதிப்பிட வேண்டும்.

இனி அம்மா. அவருடைய 24.9 என்ற எண்ணிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. முதுமையில் முதுகெலும்பின் வட்டுகள் தேய்ந்தும் முதுகு வளைந்தும் உயரம் குறையும். இளமையில் அவர் 154 செ.மீ. இருந்திருந்தால் அதே 56 கிலோவுக்கு பி.எம்.ஐ. 23.6 தான். அதோடு, 65 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இறப்பு ஆபத்து மிகக் குறைவாக இருந்தது நடுத்தர வயதினருக்குச் சொல்லும் எல்லையைவிடச் சற்று மேலே. 23க்குக் கீழே போகப் போக ஆபத்து கூடியது. அவை பெரும்பாலும் மேலைநாட்டுத் தரவுகள் என்பதால் நம் அம்மாக்களுக்கு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் எல்லோருக்கும் பொதுவானது: நிமோனியாவோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து பத்து நாள் படுக்கையில் கிடந்தால், அந்த நாட்களைத் தாங்கிக் கடக்க உடலில் இருப்பு வேண்டும்.

அந்த வயதில் எடையைவிடத் தசையைத்தான் கணிக்க வேண்டும், அதற்கும் வீட்டிலேயே வழி இருக்கிறது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலின் செயல்திறன் குறைகிறது, தசை குறைந்திருக்கலாம் என்று பொருள். கெண்டைக்காலின் பருத்த பகுதியை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 33 செ.மீ.க்கும், ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் கீழே இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் கொழுப்போடு இந்தத் தசையும் கரையும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவின்றி உறங்கும்போது சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

எனவே இன்றிரவே அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். அளவு சிறிதாக இருக்கலாம், ஆனால் புரதம் இருக்க வேண்டும். முதியோருக்குக் கிலோ எடைக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை நாளொன்றுக்குத் தேவை என்பது முதியோர் மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் அவருக்கு நாளுக்கு 56 முதல் 67 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே என்று கணக்கிட்டால், இட்லியும் சட்னியுமாக நாளைக் கழிக்கும் ஒருவர் அதில் பாதியைத் தொடுவதே கடினம் என்பது விளங்கும். காலையில் முட்டை, மதியம் கெட்டியான பருப்பும் தயிரும், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் இரண்டு அடையோ தோசையோடு சாம்பாரோ என்று பங்கிட்டுக்கொள்ளலாம். மூட்டு வலிக்காக எடை குறைய வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால், தொடைத் தசை வலுப்பட்டாலே முழங்காலின் பாரம் தாங்கப்படும் என்று சொல்லி, அதே நாற்காலிப் பயிற்சியைக் காலையும் மாலையும் பத்து முறை செய்யச் சொல்லுங்கள்.

அவர் விரும்பாமலேயே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் எடையில் ஐந்து சதவீதம், அதாவது மூன்று கிலோவுக்கு அருகில் குறைந்தால், அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு, சர்க்கரை, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, பல் இல்லாமல் மெல்ல முடியாத நிலை என்று தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் பல உண்டு. இப்போது இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருப்பதால் அப்படி ஒரு குறைவு வந்தாலும் வேறுபடுத்தி அறிய முடியாது. அதற்காகவும் அவர் மீண்டும் சாப்பிடத் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து எடையைப் பார்த்து ஒரு தாளில் தேதியோடு குறித்து வையுங்கள்.